கன்னிப் பெட்டியிலிருந்த பின்னல்

ஜூன் 9, ஞாயிறு

சென்னாக்குனி,

உன்னை யோகலட்சுமி என்று கூப்பிட்டவர்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் ஆஸ்பத்திரி நர்சுகளும்தான். ஏழாம் மாசத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தாய். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, சென்னாக்குனி மாதிரி கீது" என்றார். வலையில் பொடிப்பொடியாக மாட்டுமே, காய்ந்தால் உள்ளங்கைக்கு நூறு நிற்குமே, அந்த இறால். அந்தப் பேர்தான் பதினாலு வருஷம் நின்றது.

நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணும். நீ பார்த்தால் சிரிப்பாய், பரவாயில்லை.

இந்த டைரி உன் அப்பாவுக்கு அனல் மின்சாரக் கம்பெனியில் கொடுத்தது. ஒப்பந்தக் கூலிக்குப் புது வருஷத்தில் ஒரு டைரி, ஒரு ஸ்வீட் டப்பா, அவ்வளவுதான். அட்டையில் மூன்று புகைக்கூண்டு, பக்கத்தில் ஒரு மரம். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு வாசகம் போட்டிருக்கிறான். இன்றைக்கு, "பசுமையே எங்கள் பாதை". ஐந்து மாசம் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தது. அவன் கொடுத்த காகிதத்திலேயே அவனைப் பற்றி எழுதலாம் என்று இன்றைக்குத் தோன்றியது.

காலையில் முகத்துவாரத்தில் இறங்கினேன். மூன்று மணி நேரம் இறால் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவினேன். ஒரு படி இறால்கூடத் தேறவில்லை. முன்பு சேறு வெண்ணெய் மாதிரி வழுக்கும். இப்போது மேலே ஒரு சாண் சாம்பல் படிந்திருக்கிறது. கால் வைத்தால் ஈரச் சிமெண்டில் வைத்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும் என்பதால் தண்ணீரில் யாரும் பேச மாட்டோம். அதனால்தான் எங்கள் குப்பத்துப் பொம்பளைகள் கரை ஏறினதும் இந்தக் கத்து கத்துகிறோம்.

ஜூன் 10, திங்கள்

விரல் நுனி மரத்துப்போகிறது. சோப்பை மாற்ற வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

கரையில் ஒரு பெண் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றை அள்ளி டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பேர் ரெபெக்கா. பட்டணத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"இன்னாம்மா, சேத்த டப்பால போட்டுகினு போறே, ஊறுகா போடவா?" என்றேன்.

சிரித்தாள். "இல்லக்கா. இதுல என்னென்ன உலோகம் இருக்குன்னு பாக்கணும்."

"உலோகம்னா, இரும்பா?"

"இரும்பா இருந்தா பரவால்லயே. ஆர்சனிக், காரீயம், காட்மியம், பாதரசம்."

பாதரசம் எனக்குத் தெரியும். நீ படுத்திருந்த வார்டில் யாரோ பழைய தர்மாமீட்டரை உடைத்தபோது நர்ஸ், "யாரும் கிட்ட வராதீங்க, தொடாதீங்க" என்று கத்தினாள். ஒரு சொட்டுக்கு அவ்வளவு கத்தல்.

அந்தச் சொட்டு இங்கே எப்படி வரும் என்று கேட்டேன். டப்பாவை மூடிவிட்டு, என்னோடு படகு நிழலில் உட்கார்ந்து சொன்னாள்.

"கரி வெறும் கரி இல்லக்கா. பூமிக்குள்ள இருந்தப்போ இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குள்ள சேந்து தூங்கிட்டு இருக்கு. எரிச்சா எழுந்துடும். பாதரசம் பெரும்பாலும் ஆவியாவே கூண்டு வழியா மேல போயிடும். ஆர்சனிக்கும் காரீயமும் புகை ஆறும்போது சாம்பல் மேல போய் ஒட்டிக்கும். அதுலயும் மெல்லிசா, மாவு மாதிரி ஒரு சாம்பல் இருக்கும் பாருங்க, அதுலதான் ஜாஸ்தி."

"எல்லாத்தயும்தான் எரிச்சிடறானுங்களே, அப்பறம் இன்னா மிச்சம்?"

"அங்கதான் விஷயமே. நூறு மூட்டை எரிச்சா நாப்பது மூட்டை சாம்பலா நிக்குது. கரி போயிடுது, இது போகல. நூறு மூட்டையில பரவிக் கெடந்தது நாப்பதுல வந்து குந்திக்குது."

அந்த மாவு மாதிரிச் சாம்பலை எனக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது, "அக்கா, உங்க உள்ளங்கையைக் காட்டுங்க" என்றாள். இறால் கூடையைத் தூக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

உன் அப்பா கேள்விப்பட்டுவிட்டார்.

"யாரோ ஒரு பொண்ணாண்ட பேசிகினு இருந்தியாமே?"

"ஆமா. பேசக்கூடாதா?"

"பேசு, வேணாங்கல. நான் சாம்பல் பைப்பாண்ட வேல செய்யறவன். நீ அந்தப் பொண்ணாண்ட நிக்கறத எவனாவது போட்டோ புடிச்சான்னா, நாளைக்கே கேட்டு பாஸ புடுங்கிடுவான்."

"புடுங்கட்டும்யா. உன் மூஞ்சியில ஒட்டிகினு வர்ற சாம்பலாவது கொறயும்."

அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவினார். நீ போனதிலிருந்து இப்படித்தான், சண்டை போடாமல் பாத்திரம் கழுவுகிறார்.

ஜூன் 22, சனி

ரெபெக்கா வீட்டுக்கே வந்தாள். குப்பத்தில் யாரோ உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பதினாலு வயசில் சிறுநீரகம் இரண்டும் போனது, கடைசி மூன்று மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது, எல்லாம்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்கவில்லை. பிறகு கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட தலைமுடி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

என் கண் தானாக மூலைக்குப் போய்விட்டது, அவளும் பார்த்துவிட்டாள். உன் பெட்டி.

கல்யாணம் ஆகாமல் போன பெண் எங்கள் வீடுகளில் கன்னியாக நிற்பாள் என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்கு என்று ஒரு மூங்கில் பெட்டி வைப்போம், அதில் பாவாடை, வளையல், பொட்டு, கண்ணாடி. வருஷம் ஒரு நாள் திறந்து, மணை போட்டு, புதுப் பாவாடை வைத்துப் படைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவோம். வருவாள். உன் முதல் படையல் செப்டம்பரில் வருகிறது. உன் பெட்டியில் பின்னலும் இருக்கிறது. கடைசி வாரம் தலை சிக்குப் பிடித்துவிட்டது என்று நர்ஸ் அடியோடு வெட்டி, பாலிதீன் பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். சரியாக ஒரு முழம். அதற்குள் உன் முடியெல்லாம் கொட்டி, அது ஈர்க்குச்சிக் கட்டு மாதிரி மெலிந்திருந்தது.

"முடி ஒரு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்க்கா. அந்தந்த மாசம் உடம்புக்குள்ள போனது அதுல பதிஞ்சிருக்கும். மாசம் மாசமா துண்டு போட்டுப் பாத்தா நாலு வருஷத்துக் கதை தெரியும்."

"பாத்துட்டு திருப்பிக் குடுத்துடுவியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஆசிட்ல கரைச்சுத்தான் பாக்க முடியும். ஒரே இடத்துல பாத்தா பொய்னு சொல்லிடுவாங்க, ரெண்டு லேப்ல குடுக்கணும். இவ்வளவு மெல்லிசா இருக்கே, மிச்சம் இருக்காதுக்கா."

"அப்போ இந்த முடி, எம்பொண்ணு எதனால செத்தான்னு சொல்லிடுமா?"

"சொல்லாது. எவ்வளவு உள்ள போச்சுன்னு மட்டும்தான் சொல்லும்."

பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனாலும் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன். இன்றைய வாசகம், "பாதுகாப்பு வீட்டிலிருந்து தொடங்குகிறது".

ஜூலை 1, திங்கள்

நாலாவது புகைக்கூண்டு கட்டப் போகிறார்களாம். ஆகஸ்டில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். அதைச் சொல்லக் கம்பெனியின் ஊர்நல அதிகாரி வரதன் வந்தார். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வந்தபோதும் வெள்ளை, போனபோதும் வெள்ளை. எப்படித்தான் காப்பாற்றுகிறாரோ.

"எங்க சாம்பல் ஒரு பிடி காம்பவுண்டத் தாண்டினது இல்லைம்மா. வர்ற வியாதிக்கெல்லாம் எங்களச் சொன்னா எப்படி? கை கழுவறதில்ல, கருவாடு உப்பு ஜாஸ்தி. இதோ தேசம்மா பொண்ணுக்கு என்ன? பரம்பரை. ரத்தத்துலயே இருந்திருக்கு."

நான் எழுந்துவிட்டேன். "எந்தப் பரம்பர சார்? எங்க மாமியாரு எம்பது வயசுல பறிய வாயில கவ்விகினு தண்ணியில நின்ன பொம்பள. உங்க கூண்டு வர்றதுக்கு முன்னாடி."

உன் அத்தை பவுனு அண்ணி பின்னாலிருந்து என் புடவையை இழுத்தாள். வரதன் சிரித்துக்கொண்டே காருக்குப் போகும் வழியில் என் பக்கத்தில் வந்தார். மெதுவாகச் சொன்னார். "தேசம்மா, உன் மனு ஒண்ணு என் பைல்ல இருக்கு. ஞாபகம் இருக்குல்ல? கூட்டத்துல நீ வாயத் திறந்தா நானும் திறக்க வேண்டி வரும்."

அந்தக் காகிதத்தைப் பற்றி இன்றைக்கு எழுத வேண்டாம்.

ஜூலை 2, செவ்வாய்

காலையிலேயே பவுனு அண்ணியிடம் சொன்னேன், பின்னலைக் கொடுக்கப் போகிறேன் என்று. அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கத்தியை அப்படியே போட்டுவிட்டாள்.

"புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு? கன்னியோட முடிய ஆசிட்ல போடுவியா?"

"கன்னியா ஆனவதானே, அவளுக்குத் தெரியாதா நான் ஏன் போடறேன்னு?"

"முடியில்லாம படையல் போட்டீன்னா அவ வர மாட்டா. வந்தாலும் கோவமா வருவா. எங்க அண்ணன் தம்பி வூட்டு மேலதான் வுழும்."

"அவ கோவப்பட்டா நல்லதுதான் அண்ணி. இத்தன நாளு நான் ஒருத்திதான் கோவமா கீறேன்."

அண்ணி கத்தியை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் கொடுவாய் மீனின் செதிலைச் சுரண்டினாள். "படையலுக்கு என்ன கூப்பிடாத."

ரத்தத்திலேயே இருந்தது என்று சொன்னானே, சென்னாக்குனி. உன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று நான் காட்டுகிறேன்.

ஜூலை 5, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

ரெபெக்கா கையுறை போட்டுக்கொண்டாள். வேர்ப்பக்கம் எது என்று கேட்டாள். நர்ஸ் கட்டின சிவப்பு நூல் இருக்கும் பக்கம் என்றேன். அந்த நூலை நான் அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். "அவிழ்க்க வேண்டாம்க்கா, வரிசை மாறிடும்" என்றாள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் நீளமாகப் படுக்க வைத்து, மேலே இன்னொரு காகிதம் வைத்து, உன் பேர் எழுதினாள். முழுப்பேர். பென்சிலால் வயசு எழுதினாள்.

உன் அப்பா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, தடுக்கவும் இல்லை. அவள் போகும்போது, "பாத்து எடுத்துகினு போம்மா, பஸ்ஸுல கூட்டமா இருக்கும்" என்றார்.

என் தலையிலிருந்தும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போனாள். அது எதற்கோ.

ஜூலை 6, சனி

துணி துவைத்தேன். உளுந்து ஊறப்போட்டு மறந்துவிட்டேன், புளித்துப்போனது.

ஜூலை 20, சனி

ரெபெக்கா கடப்பாரைக் கம்பி மாதிரி ஒன்று கொண்டுவந்து வீட்டுத் தரையில் ஒரு முழம் இறக்கி எடுத்தாள். மேலே விரித்த பழைய பிளெக்ஸ் பேனர், அதற்குக் கீழே சாம்பல், சாம்பல், சாம்பல். முழம் முடிகிற இடத்தில்தான் மணல்.

"இது யாருக்கா கொட்டினது?"

"லாரிக்காரன்" என்றேன்.

"இத்தனை வீட்டுலயுமா? கம்பெனி குடுக்கவே இல்லைன்னு சொல்லுதே. யாரு குடுத்தாங்கன்னு ஒரு ஆதாரம் இருந்தாப் போதும்க்கா."

எனக்குத் தெரியாது என்றேன்.

உனக்குத் தெரியும். அந்தப் பெருவெள்ளத்து வருஷம். உனக்கு ஆறு வயசு. இடுப்பு வரைக்கும் தண்ணீர், உன்னைப் பரணில் உட்கார வைத்து நாலு நாள் பிஸ்கட் கொடுத்தோம். தண்ணீர் வடிந்ததும் மகளிர் குழுவில் நான்தான் சொன்னேன், தரையை உயர்த்தினால்தான் பிழைப்போம் என்று. மண் வாங்க வழியில்லை. கம்பெனியில் மலை மாதிரிக் குவித்து வைத்திருக்கிறானே, கேட்டால் என்ன? நான்தான் மனு எழுதினேன். "ஐயா, தாங்கள் கருணை கூர்ந்து." நாற்பது பேர் கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது. அந்த வரதன்தான் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாளே லாரி வந்துவிட்டது. எவ்வளவு நல்லவர்கள் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

மாவு மாதிரி இருந்தது. நீ அதில் பாண்டிக்கட்டம் போட்டு ஆடினாய். நான் அதில்தான் பாத்திரம் துலக்கினேன். வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. மீன் வழுக்காமல் பிடிக்க அதைத்தான் பூசினேன். காற்றடித்தால் பேனர் ஓரத்திலிருந்து எழும்பும். தினமும் காலையில் உன் பாயைத் தட்டுவேன்.

ஆதாரம் இருக்கிறது. என் கோணல் எழுத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

முடிவு வந்துவிட்டது.

ரெபெக்கா ஒரு கோடு போட்ட படம் காட்டினாள். நாற்பத்தைந்து புள்ளி, நாற்பத்தைந்து மாசம். இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு நேர்கோடு கிழித்திருந்தாள். உன் புள்ளியெல்லாம் அதற்கு எங்கேயோ மேலே. ஆர்சனிக் ஏழு மடங்கு. காரீயம் நாலு. இரண்டு லேபும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறது.

"தரை, தண்ணி, காத்து எல்லாம் சேந்துதான்க்கா. ஆனா இந்த எடத்துல மட்டும் எறங்குது பாருங்க." வேரிலிருந்து நாலாவது, ஐந்தாவது புள்ளி. "போன வருஷம் ஏப்ரல், மே. அப்போ பொண்ணு எங்க இருந்தா?"

அரக்கோணத்தில், சித்தி வீட்டில். எட்டாவது பரீட்சை முடிந்ததும் உன்னை அங்கே விட்டேன். சித்தி போன் பண்ணி, "அக்கா, மொகம் தெளிஞ்சி போச்சி, நல்லா சாப்புடறா. இங்கயே ஸ்கூல்ல சேத்துடறேனே, இருக்கட்டும்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கே தெரியும், நீ சித்தி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய். "எம்பொண்ணு எங்கிட்டதான் இருக்கணும்." மறுநாளே ரயில் ஏறி வந்து கூட்டிக்கொண்டு வந்தேன்.

ரெபெக்காவிடம், "ஊருக்குப் போயிருந்தா" என்று மட்டும் சொன்னேன்.

என் முடியின் முடிவும் ஒரு கவரில் கொடுத்தாள். "அக்கா, இத முதல்ல பாருங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் நீங்க" என்றாள். மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். அதற்கு இப்போது நேரமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அடுப்பு மூட்டவில்லை. உன் அப்பா பன் வாங்கிவந்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மகளிர் குழு வீடு வீடாகப் போனேன். எல்லாரிடமும் ஒன்றுதான் சொன்னேன், அந்தச் சாம்பலைக் கேட்டது நான், உங்களைக் கையெழுத்துப் போட வைத்ததும் நான். இரண்டு பேர் முதலில் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "எம்புள்ளைக்கும் மூச்சு எறைக்குதே, இப்போ வந்து சொல்றியாடி பாவி" என்று திட்டினாள். நின்று கேட்டேன். திட்டி முடித்ததும், "இன்னொரு மனு எழுதிகினு கீறேன், கையெழுத்துப் போடறியா?" என்றேன். முறைத்தாள். போட்டாள்.

பேனா விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை எழுதித்தான் மனு ஒழுங்காக வந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

கூட்டம். சாமியானா, மின்விசிறி, மேடையில் கலெக்டரும் நாலு அதிகாரிகளும், ஓரத்தில் கேமராக்காரர்கள். எங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தராக எழுந்து "நாலாவது அலகை வரவேற்கிறோம்" என்றார்கள். ஒருத்தர் ஊர்ப் பேரையே தப்பாகச் சொன்னார். எங்கள் பக்கம் விசில் பறந்தது.

கம்பெனி நிபுணர் ஒருத்தர் பேசினார். கரி பூமியிலிருந்து வருவது, சாம்பலும் பூமியில் இருப்பதுதான், இயற்கை என்றார். ரெபெக்கா உன் கோட்டுப் படத்தைத் திரையில் காட்டினாள். அவர் முடியின் மேல் தூசி ஒட்டியிருக்கும் என்றார். அவள், கழுவிவிட்டுத்தான் பார்த்தோம், ஊருக்குப் போன இரண்டு மாசத்தில் மட்டும் எப்படி இறங்கும், தூசியும் லீவு போட்டுவிட்டதா என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்தார். ஆனால் வரதன் எழுந்து, "சாம்பல் எங்களுதுன்னு என்ன ஆதாரம்? எங்க வளாகத்திலிருந்து ஒரு லோடு வெளிய போனதா ரெக்கார்டே இல்லை" என்றார்.

என் முறை வந்தது. மைக் என் உயரத்துக்கு இல்லை. யாரோ இறக்கினார்கள்.

"வணக்கம். எம்பேரு தேசம்மா. அந்த முடி எம்பொண்ணுது. தோ சார் சொல்றாரே, ஆதாரம் இல்லன்னு. எங்க வூட்டுத் தரையில ஒரு முழம் சாம்பல் கீது. நாப்பது வூட்டுல கீது. அது எங்க பொறந்துச்சின்னு எனக்குத் தெரியாது சார், தரை தானா வளர்ந்துடுச்சின்னு நெனைக்கிறேன்."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வரதன் முகம் சிவந்தது.

"கலெக்டர் சார், எங்க வூட்டுக்கு அந்த சாம்பல் கொட்டினவங்கள நான் சும்மா வுடப்போறது இல்ல. திருட்டுத்தனமா கொட்டினு போன திருடங்க அவங்க."

அவ்வளவுதான். வரதன் பைலைத் திறந்துவிட்டார். "யாரு திருடன்? சார், இந்தம்மாவே கேட்டு வாங்கினது. இதோ மனு. முதல் கையெழுத்தே இந்தம்மாதான். கருணை கூர்ந்துன்னு கெஞ்சி எழுதியிருக்காங்க. எங்க மேனேஜர் அனுமதிச்சு கையெழுத்துப் போட்டிருக்கார், தேதி இருக்கு, லாரி நம்பர் இருக்கு. உதவி பண்ணினவங்களையே திருடன்ங்கிறாங்க!"

மைக் இரைந்தது. கலெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் காகிதத்தை இங்க குடுங்க" என்றார்.

வரதன் கை நீட்டின பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அதற்குள் உதவியாளர் வாங்கிவிட்டார். லோடே போகவில்லை என்று சொன்ன அதே வாயால், லாரி நம்பரோடு சொல்லியாகிவிட்டது, கேமரா முன்னால்.

"ஆமா சார்" என்றேன். "என் கையெழுத்துதான். நான்தான் கேட்டேன். கும்பிட்டுக் கேட்டேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு எனக்கு எவனும் சொல்லித் தர வேணாம். எம்பொண்ணு அதுமேலதான் படுத்தா. ஆனா நான் ஆறாவது படிச்சவ. அதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் அவன். மூணே நாள்ல லாரி அனுப்பிச்சான். கொட்ட எடம் இல்லாம தவிச்சிகினு இருந்தான், நான் போய் எம்பொண்ணு பாய்க்குக் கீழ எடம் காமிச்சேன்."

அழவில்லை. அங்கே அழுதால் அதையும் கருத்து என்று எழுதிக்கொள்வார்கள்.

"இப்போ இன்னொரு மனு கொண்ணாந்துகீறேன். அதே நாப்பது பேரு. நாலு பேரு செத்துப் போய்ட்டாங்க, அவங்க எடத்த காலியா வுட்டுகீறோம். குடுத்தத திருப்பி எடுத்துக்கோ. அவ்ளோதான். கருணையெல்லாம் வேணாம்."

கலெக்டர் எழுதிக்கொண்டார். நாற்பது வீட்டுத் தரையையும் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் கூட்டத்தை ஒத்திவைக்கிறேன் என்றார். நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை, ஒத்திவைக்கிறேன் என்றார். எனக்கு வித்தியாசம் தெரியும்.

வெளியே வந்தபோது ரெபெக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, அவர் அந்த மனுவை எடுப்பார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

உன் அப்பாவின் கேட்டு பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"டைரிய நல்லா பாத்து எழுதுமே. அடுத்த வருஷம் குடுக்க மாட்டானுங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எத்தனை மாசமாகிவிட்டது. அப்புறம் கேட்டார், "எப்போ தோண்டலாம்?"

ஆகஸ்ட் 31, சனி

அதிகாரிகள் வந்து சோதனைக்குத் தரையிலிருந்து சாம்பல் எடுத்துப்போய்விட்டார்கள். அவர்கள் எடுத்ததும் நாங்கள் ஆரம்பித்தோம். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, தூசி எழும்பாமல் வெட்ட ரெபெக்கா சொல்லிக்கொடுத்தாள். சாம்பலைச் சாக்கில் கட்டி, கம்பெனி கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் அடுக்குகிறோம். ஒவ்வொரு மூட்டையிலும் வீட்டு நம்பர் எழுதியிருக்கிறோம். செக்யூரிட்டி முதல் நாள், "எடுத்துட்டுப் போங்கம்மா, என் வேலைக்கு உலை வெக்காதீங்க" என்றான். "உங்க சாமான்தான் தம்பி, லாரி நம்பர்கூட கலெக்டராண்ட கீது" என்று பவுனு அண்ணி சொன்னாள்.

ஆமாம், அவளும் வந்தாள். என்னோடு பேசவில்லை. மூட்டையை மட்டும் தூக்கினாள்.

செப்டம்பர் 4, புதன்

நூற்றுப் பதினெட்டு மூட்டை. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இருபத்தாறு. இங்கேயே இன்னும் பாதி இருக்கிறது. கடப்பாரை கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரெபெக்கா திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். படையல் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்றைக்கு உன் நாள்.

காலையில் முகத்துவாரத்தில் குளித்தேன். மஞ்சள் பாவாடை வாங்கியிருக்கிறேன், ஓரத்தில் பச்சை. சர்க்கரைப் பொங்கல், வடை, நீ ஆசையாகத் தின்கிற சென்னாக்குனி வறுவல். உன் பேரையே நீ தின்கிறாய் என்று கேலி செய்வோமே. இறால் இங்கே பிடித்தது இல்லை, பழவேற்காட்டிலிருந்து வாங்கிவரச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்தேன். பின்னல் இருந்த இடத்தில் பாலிதீன் பை மட்டும் கிடந்தது. அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. சும்மா இருக்கட்டும், ஏன் சும்மா இருக்கிறது என்று யாராவது கேட்கட்டும், சொல்கிறேன்.

பவுனு அண்ணி கூப்பிடாமலேயே வந்தாள். இரண்டு முழம் கனகாம்பரம், முந்தானையில் முடிந்த கற்பூரம். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். வீடு பூராவும் வெட்டிப் போட்டிருக்கிறது. ஒரு பக்கம் மணல் தெரிகிறது, ஒரு பக்கம் இன்னும் சாம்பல், நடுவில் முழங்கால் ஆழம் பள்ளம். அடுப்புக்குப் போக ஒரு பலகை போட்டிருக்கிறோம்.

"இன்னாடி இது, கன்னி வர்ற நாளும் அதுவுமா, வூட்ட கெணறு மாதிரி வெச்சிகினு கீற? மணைய எங்கடி போடுவ?"

"நீயே பாத்துச் சொல்லு அண்ணி."

அவள் பலகைமேல் ஒரு காலை வைத்து, அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணலில் வைத்துப் பார்த்த மணை சாய்ந்து, மறுபடி அவள் கையில். உன் அப்பா பாவாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன், பிறகு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கோபமாக வந்தாலும் வா, முடியில்லாமல் வந்தாலும் வா. சாம்பல் இருக்கிற பக்கம் உன்னை இனி ஒரு நாளும் உட்கார வைக்க மாட்டேன். மணல் இருக்கிற பக்கம் மணை நிற்காமல் சாய்கிறது. எங்கே வந்து உட்காருவாய், சென்னாக்குனி?